மெதுவாகச் சொல்லப்படும் துக்கம்

இளையோருக்காக எழுதப்படும் துக்க நாவல்களைப் பற்றி வாசகர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் குறை ஒன்று உண்டு: கதை நகரவே இல்லை. வீட்டில் ஒரு சாவு, இல்லையென்றால் உடம்பையும் மனத்தையும் சிதைத்த ஒரு கொடுமை. அது நடந்து முடிந்த பிறகு பதினான்கு வயதுப் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது, வருகிறது, தட்டில் சோற்றை அளைகிறது, யாரோ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் எழுந்து போகிறது. நூறு பக்கம் தாண்டியும் பெரிதாக எதுவும் நடப்பதில்லை. 1999இல் வந்த லாரி ஹால்ஸ் ஆண்டர்சனின் ‘ஸ்பீக்’ இதற்கு நல்ல உதாரணம். கோடை விடுமுறையில் ஒரு விருந்தில் வல்லுறவுக்கு ஆளான மெலிண்டா, அதற்குப் பின் வரும் பள்ளி ஆண்டு முழுவதையும் அநேகமாகப் பேசாமலே கழிக்கிறாள். நாவல் அந்தப் பள்ளியின் நான்கு மதிப்பெண் பருவங்களாகப் பிரிந்திருக்கிறது. ஓவிய வகுப்பில் சீட்டு எடுக்கும்போது அவளுக்கு ‘மரம்’ என்று வருகிறது. வருடம் பூராவும் அந்த ஒரு மரத்தையே வரைகிறாள், சரியாக வரவில்லை என்று கைவிடுகிறாள், மறுபடியும் தொடங்குகிறாள். அன்றைக்கு என்ன நடந்தது என்பதை அவள் வாசகரிடம் முழுசாகச் சொல்வதற்கே பாதிப் புத்தகத்துக்கு மேல் ஆகிறது. இந்த மெதுவை எழுத்துநடையின் குணம் என்றோ குறை என்றோ பேசிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் அதற்குள் சமயங்கள் நெடுங்காலமாக எதிர்கொண்டுவரும் கேள்வி ஒன்று இருக்கிறது. சரியான ஆறுதல் வார்த்தையே என்றாலும், கேட்பவரின் மனம் அதற்குத் தயாராகாத நேரத்தில் சொன்னால் அது உண்மையாக இருக்குமா? இருக்காது என்பது என் வாதம். ஆறுதல் எப்போது சொல்லப்படுகிறது என்பதும் அதன் உண்மையில் ஒரு பகுதி. மெதுவான நாவல் இதை அறிந்தே மெதுவாக நடக்கிறது.

இதற்கான சான்று விழுப்புரம், திண்டிவனம் வட்டாரக் கிராமங்களிலேயே இருக்கிறது. இங்கும் வட தமிழகத்தின் வேறு பல ஊர்களிலும், சாவு விழுந்த வீட்டில் பதினாறாம் நாள் காரியத்தை ஒட்டி இரவு முழுக்கக் ‘கர்ண மோட்சம்’ கூத்து வைப்பது வழக்கம். கர்ணன் சாகப்போகிறான் என்பது உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். அந்தச் சாவுக்கு வந்து சேரக் கூத்து எடுத்துக்கொள்ளும் நேரத்தைத்தான் கவனிக்க வேண்டும். கட்டியக்காரன் வந்து சபையைச் சிரிக்கவைத்து முடித்த பிறகு, திரையைப் பிடித்துக்கொண்டு கர்ணன் வேஷம் பாடத் தொடங்கும். கிரீடம் தெரியும், புஜக்கட்டை தெரியும், முகம் தெரியாது. முகவீணையும் மிருதங்கமும் ஒரு சுற்று வந்த பிறகே திரை விலகும். போருக்குப் போகுமுன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருகிறான் கர்ணன். குலம் தெரியாதவன் என்று அவனுக்கு முகம் கொடுக்க மறுக்கிறாள் அவள். இரண்டு பேருக்கும் நடக்கும் அந்தத் தர்க்கமே இரவின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். அப்புறம் சல்லியனோடு வாக்குவாதம், தேர்க்கால் மண்ணில் இறங்குவது, கிழப் பிராமணனாக வரும் கண்ணன் செய்த புண்ணியத்தையெல்லாம் தானமாகக் கேட்பது. குந்தி வந்து மகனை மடியில் கிடத்தி, இவன் என் பிள்ளை என்று ஊரறியச் சொல்லி அழும்போது கிழக்கு வெளுத்திருக்கும். மூன்று நிமிடத்தில் சொல்லிவிடக்கூடிய கதை விடிய விடிய நடக்கிறது. சாவு வீட்டுக்காரர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அழாதே என்று யாரும் அவர்களிடம் சொல்வதில்லை.

இந்தக் கூத்து இறந்தவருக்கு மோட்சம் கிடைப்பதற்காக வைக்கப்படுவது, இருப்பவர்களின் மனத்தைத் தேற்றுவதற்காக அல்ல என்று ஒருவர் சொல்லலாம். நம்பிக்கையின்படி அது சரி. ஆனால் கண்விழித்திருப்பவர்கள் இருப்பவர்கள்தானே. அந்த இரவில் அவர்களுக்குக் கிடைப்பது ஒரு விசேஷமான ஏற்பாடு: தங்கள் வீட்டுச் சாவைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், வேறொருவருடைய சாவை முழுசாகப் பார்த்து முடிக்கிறார்கள். சொந்தத் துக்கத்தை நேராகப் பார்க்கக் கண் கூசுகிறவர்களுக்குக் கர்ணன் இடம் கொடுக்கிறான். ஷிவான் டௌட் யோசித்து வைத்து, புற்றுநோயால் 2007இல் இறந்துபோனதால் எழுதாமல் விட்ட கதையைப் பேட்ரிக் நெஸ் எழுதி 2011இல் வெளியிட்டார். ‘எ மான்ஸ்டர் கால்ஸ்’ என்ற அந்த நாவலின் அமைப்பும் இதுதான். தாய் நோயில் கிடக்கும் பதின்மூன்று வயதுச் சிறுவனிடம், ராத்திரியில் எழுந்து வரும் மரப்பூதம் ஒன்று மூன்று கதைகள் சொல்கிறது. மூன்றும் வேறு யாருடைய கதைகளோ. நான்காவது கதையை அவன் சொல்ல வேண்டும் என்பது நிபந்தனை. அவன் சொல்ல வேண்டிய உண்மையோ கொடுமையானது. இந்த வேதனை சீக்கிரம் முடிந்துவிட்டால் போதும் என்று அவன் உள்ளுக்குள் விரும்பியிருக்கிறான். தாயை உயிராக நேசிக்கும் பிள்ளைக்கு அந்த எண்ணம் வந்ததில் தப்பில்லை என்பதை முதல் அத்தியாயத்திலேயே யாராவது அவனிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவன் காதில் விழுந்திருக்காது. மூன்று கதைகளும் அத்தனை ராத்திரிகளும் அவனுக்குத் தேவைப்படுகின்றன. அந்த நாவலை எழுதியவர்கள் திண்டிவனம் பக்கம் நடக்கும் கூத்தைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. இரண்டு இடத்திலும் ஒரே முறை தோன்றியிருப்பது, மனித மனம் அப்படித்தான் இயங்குகிறது என்பதற்கு ஒரு சாட்சி.

இந்த வாதத்துக்கு மிகப் பலமான மறுப்பு சமயத்துக்குள்ளிருந்தே வருகிறது. ஆன்மாவுக்கு அழிவில்லை, ஆகவே அழுவதற்கு முகாந்திரமில்லை என்பதுதானே கீதையின் தொடக்க உபதேசம்? திருக்குறளில் நிலையாமைக்கென்று ஓர் அதிகாரமே இருக்கிறதே? உண்மை தெரிந்துவிட்ட பிறகு எதற்கு இத்தனை தாமதம், துக்கத்தை நீட்டி நீட்டிச் சொல்வது அறியாமைக்குத் தீனி போடுவதுதானே என்று கேட்கலாம். இந்த மறுப்பை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் இதற்குப் பதிலைப் பாரதமே வைத்திருக்கிறது. போர் தொடங்கும் முதல் நாள் காலையில் அர்ச்சுனன் கீதையைக் கேட்கிறான். சொன்னவனோ சாட்சாத் கண்ணன். பதின்மூன்றாம் நாள் அபிமன்யு இறக்கிறான். அன்று மாலை பாசறைக்குத் திரும்பும் அர்ச்சுனன் தரையில் விழுந்து புரண்டு அழுகிறான். ஆன்மா அழியாது என்பதைக் கேட்டவனுக்கு, கேட்ட பன்னிரண்டு நாளில் அந்தப் பாடம் உதவவில்லை. கண்ணனும் அருகிலிருந்து தேற்றுகிறானே தவிர, அன்றைக்கே இதைச் சொன்னேனே என்று குத்திக்காட்டுவதில்லை. வியாச பாரதத்தில் இன்னும் வியப்பான ஓர் இடம் வருகிறது. போரெல்லாம் ஓய்ந்த பிறகு அசுவமேத பருவத்தில், போர்க்களத்தில் நீ சொன்னது எனக்கு மறந்துபோயிற்று, மறுபடி சொல் என்று கேட்கிறான் அர்ச்சுனன். கண்ணன் அங்கே வருத்தப்படுகிறான், கடிந்தும் கொள்கிறான், ஆனாலும் உட்கார்ந்து வேறு விதமாகச் சொல்கிறான். அதற்கு அனுகீதை என்று பெயர். உலகத்தின் மிகப் புகழ்பெற்ற ஆறுதல் உரையைக் கேட்டவனே அதை மறந்துவிட்டான் என்று அதே நூல் ஒளிக்காமல் சொல்கிறது. உரையில் குறை இருந்ததாக நான் சொல்லவில்லை. மகனை இழக்குமுன் கேட்ட வார்த்தை அது. இழந்த பிறகுதான் அதற்கு அர்த்தம் வர முடியும், அதற்குள் அது மனத்தைவிட்டுப் போயிருந்தது.

பாரதத்தின் அளவையும் பாருங்கள். பதினெட்டுப் பருவங்களில் மிக நீளமானது போர் நடக்கும் பருவம் எதுவும் அல்ல, பன்னிரண்டாவதான சாந்தி பருவம். வென்ற தருமன், எனக்கு இந்த ராச்சியம் வேண்டாம் என்று இடிந்து உட்கார்ந்துவிடுகிறான். தம்பிகள் பேசுகிறார்கள், திரௌபதி பேசுகிறாள், நாரதர், வியாசர், கண்ணன் என்று ஒவ்வொருவராகப் பேசிப் பார்க்கிறார்கள். கடைசியில் அம்புப் படுக்கையில் கிடக்கும் பீஷ்மரிடம் அழைத்துப் போக வேண்டியிருக்கிறது. கதை நகரவில்லை என்று புகார் சொல்பவர்கள் சாந்தி பருவத்தில் பாதி தாண்டமாட்டார்கள். தமிழில் இதற்கு ஒரு தனிச் சரித்திரம் உண்டு. திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரில் பிறந்தவர் என்று சொல்லப்படும் வில்லிபுத்தூரார், அதாவது இந்த வட்டாரத்துக்காரர், நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் பாரதம் பாடினார். அவர் பாடியது 10 பருவம், பதினெட்டாம் போரோடு நின்றுவிடுகிறது. பெண்கள் அழும் பருவமும் தருமன் தேறும் பருவமும் அதில் இல்லை. பின்னாளில் நல்லாப்பிள்ளை பதினெட்டுப் பருவத்தையும் பாடினார் என்றாலும், நம்மூர்த் திரௌபதியம்மன் கோயில்களில் பிரசங்கியார் கையில் அதிகம் இருப்பது வில்லியின் பாரதம். அப்படியானால் போருக்குப் பிந்திய துக்கம் எங்கே போயிற்று? செஞ்சிக்குப் பக்கத்து மேலச்சேரிக் கோயிலை ஆதி திரௌபதியம்மன் கோயில் என்பார்கள். அந்தச் செஞ்சி வட்டாரத்தை மையமாக வைத்து ஆல்ஃப் ஹில்டெபைடெல் 1988இல் திரௌபதி வழிபாட்டைப் பற்றிப் பெரிய நூலையே எழுதியிருக்கிறார். அங்கேயும் சுற்றுவட்டாரங்களிலும் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து என்று பல நாள் ஓடிய பிறகு படுகளம் வரும். திடலில் மல்லாந்து கிடக்கும் துரியோதனன் உருவத்தை மண்ணால் மிகப் பெரிதாகச் செய்திருப்பார்கள். பீமன் வேஷமும் துரியோதனன் வேஷமும் அதைச் சுற்றி ஓடும். தொடை பிளந்து சிவப்பு நீர் கொட்டும். திரௌபதி கூந்தலை முடிவாள். அதோடு முடிந்துவிடுவதில்லை. துரியோதனனுக்காக ஒப்பாரி வைக்கும் வேஷம் வரும். அந்தப் படுகளத்து மண்ணைப் பெண்கள் முந்தானையில் முடிந்து வீட்டுக்கு எடுத்துப்போவார்கள். சாயங்காலம் தீமிதி. வில்லி பாடாமல் விட்ட ஸ்திரீ பருவத்தையும் சாந்தி பருவத்தையும் ஜனங்கள் ஒப்பாரியாலும் மண்ணாலும் நெருப்பில் வைத்த காலாலும் நிறைவு செய்துகொண்டார்கள் என்றே இதைப் புரிந்துகொள்கிறேன். வெற்றிக்குப் பிறகு எதிரிக்காகவும் அழுதால்தான் கதை முடியும் என்ற எண்ணம் அவர்களுக்கு இருந்திருக்கிறது.

அடுத்த மறுப்பு நடைமுறை சார்ந்தது. மரபும் துக்கத்துக்கு எல்லை வைத்திருக்கிறதே, பதினாறாம் நாளோடு போதும் என்றுதானே சொல்கிறது? மருத்துவமும் அப்படித்தான். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2022இல் திருத்தி வெளியிட்ட கையேட்டில் ‘நீடித்த துக்கக் கோளாறு’ ஒரு நோயாகச் சேர்க்கப்பட்டது. பெரியவர்களுக்கு ஓராண்டு, சிறுவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் ஆறு மாதம் கடந்தும் வாழ்க்கை நடத்த முடியாதபடி துக்கம் பிடித்து வைத்திருந்தால் அதற்குச் சிகிச்சை தேவை என்கிறது அது. துக்கம் பிள்ளைகளை விழுங்கிவிடக்கூடும் என்பது உண்மை, அப்படிப்பட்ட பிள்ளைக்கு முதலில் வேண்டியது மருத்துவர். மெதுவான நாவலை மருந்துச் சீட்டு மாதிரி நீட்டக் கூடாது. ஆனால் எல்லை வைப்பதும் அவசரப்படுத்துவதும் ஒன்றல்ல. பதினாறு நாள் என்ற எல்லை எதற்கு உதவுகிறது? அந்தப் பதினாறு நாளும் வேலைவெட்டி, கோயில், நல்லது கெட்டது எல்லாவற்றிலிருந்தும் விலகி இருக்க வீட்டாருக்கு உரிமை தருகிறது. அந்த உரிமையைப் பறித்துக்கொண்டு எல்லையை மட்டும் வைத்தால் மிஞ்சுவது கட்டளை. இன்றைக்குப் பிள்ளைகளுக்கு மிஞ்சியிருப்பது அதுதான். அப்பா இறந்த மூன்றாம் நாள் பொதுத்தேர்வு எழுதப் போன மாணவியைப் பற்றிய செய்தியை ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதத்தில் பாராட்டாகப் படிக்கிறோம். அவளுடைய துணிவு பெரியது. அவளுக்கு வேறு வழி இல்லாதபடி செய்திருக்கும் ஏற்பாட்டைப் பற்றி அந்தச் செய்தியில் ஒரு வரியும் இருப்பதில்லை.

நீளம் எதற்கு, நாலைந்து வரியில் சொல்ல முடியாதா என்று இலக்கியம் அறிந்தவர்கள் கேட்பார்கள். அவர்களிடம் அசைக்க முடியாத சான்று இருக்கிறது. தந்தையை இழந்த இளம்பெண்கள் இருவர் பாடிய பாட்டு, புறநானூற்றில் 112ஆவது, ஐந்தே அடி. பாரியின் மகளிர் பாடியது. தமிழில் இளையோர் துக்கத்தைச் சொன்ன எழுத்துகளில் இதைவிட மேலானது எனக்குத் தெரிந்து வேறில்லை. ஆனால் அந்த ஐந்தடியில் அடங்கியிருக்கும் காலத்தைப் பாருங்கள். ஒரு பௌர்ணமிக்கும் இன்னொரு பௌர்ணமிக்கும் நடுவில் ஒரு மாதம் கடந்திருக்கிறது. பறம்பு வீழ்ந்த அன்று அவர்கள் பாடவில்லை. அதற்குப் பிறகும் கதை முடியவில்லை. கபிலர் அந்தப் பெண்களை அழைத்துக்கொண்டு அரசர் அரசராகப் போகிறார். ஒருவர் மறுக்கிறார், இன்னொருவர் மறுக்கிறார். பாரி மகளை மலையமானுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்தார் என்ற செய்தி, திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் முதலாம் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டில் இருக்கிறது. விழுப்புரத்துக்கு மேற்கே பெண்ணையாற்றுக்குள் கபிலர் குன்று என்று சொல்லப்படும் பாறை இன்றும் நிற்கிறது. ஐந்தடியை வாசிக்கும் தமிழர் இந்த நடை முழுவதையும் சேர்த்தே வாசிக்கிறார். பாட்டு சின்னதாக இருக்கலாம், அதைச் சுற்றி நெடிய கதை ஒன்று மரபில் இருந்ததால். இன்றைய பிள்ளையின் துக்கத்தைச் சுற்றி அப்படி ஒரு கதை தயாராக இல்லை. நாவல்தான் அந்த நெடுவழியையும் சேர்த்துச் செய்ய வேண்டியிருக்கிறது.

கடைசி மறுப்பு என்னை அதிகம் யோசிக்க வைத்தது. கூத்தும் படுகளமும் ஊர் கூடிச் செய்வது, நாவலோ அறைக்குள் தனியாக வாசிப்பது. ஊரே சேர்ந்து விழித்திருக்கும் இரவையும், துணையில்லாமல் புத்தகத்தோடு கிடக்கும் பிள்ளையையும் எப்படி ஒரே தட்டில் வைப்பது? இதில் பாதி நியாயம் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியம்மாவின் தோள் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. ஆனால் ஊர் என்று சொல்லும்போது யாரைச் சொல்கிறோம்? விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் தர்மராஜா திரௌபதியம்மன் கோயிலுக்குள் பட்டியல் சாதியினர் நுழைவதைத் தடுத்ததால் எழுந்த தகராறில், 2023 ஜூன் மாதம் அதிகாரிகள் அந்தக் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். திரௌபதியின் துக்கத்தில் பங்கு கேட்டு வந்தவர்களை வாசலில் நிறுத்திய ஊர் அது. ஊர் கூடிச் செய்யும் சடங்கின் வலிமையைப் பற்றி நான் மேலே சொன்னது எதையும் திரும்பப் பெறவில்லை. அந்த வலிமை எல்லோருக்கும் கிடைத்ததில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதோடு, சில துக்கங்களை ஊர் முன்னால் சொல்லவே முடியாது. மெலிண்டாவுக்கு நேர்ந்தது அப்படிப்பட்டது. நம் கிராமங்களில் அதற்குப் பதினாறாம் நாளும் இல்லை, கூத்தும் இல்லை. வீட்டுக்குள்ளேயே மூடிவிடுவார்கள். அந்தப் பெண்ணுக்குத் தனிமை ஏற்கெனவே விதிக்கப்பட்டுவிட்டது. அந்தத் தனிமைக்குள் வந்து, அவளை விரட்டாமல், அவள் பேசுகிறவரை காத்திருக்கக்கூடியது நூலகத்தில் இரவல் கிடைக்கும் ஒரு புத்தகம்தான். அதை எடுக்க யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை, சாதியும் சொல்ல வேண்டியதில்லை.

அப்படிப்பட்ட புத்தகம் தமிழில் எத்தனை இருக்கிறது? பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகச் சின்னச் சின்னப் புத்தகங்களைப் பிள்ளைகள் கையில் சேர்த்தது நல்ல காரியம். அதைத் தாண்டி மேல்நிலை வகுப்புக்கு வரும் மாணவர்களுக்கு நம்மிடம் இருப்பவை பெரும்பாலும் சாகசக் கதைகளும் துப்பறிதலும் மாயாஜாலமும் நீதி சொல்லும் கதைகளும்தான். துக்கத்தோடு நிதானமாக உட்காரும் இளையோர் நாவல் அரிது. மொழிபெயர்த்துக் கொண்டுவரலாம், கொண்டுவரவும் வேண்டும். ஆனால் அமெரிக்கப் பள்ளியின் லாக்கரும் சிற்றுண்டிக் கூடமும் ஓரளவுக்கு மேல் நம் பிள்ளைக்குத் துணை வராது. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு கரையைக் கடந்தபோது திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விழுப்புரம் உள்ளிட்ட மாவட்டங்களில் அரையாண்டுத் தேர்வு ஜனவரிக்குத் தள்ளிப்போனது. பாடப்புத்தகம் நனைந்தால் அரசு அவகாசம் கொடுக்கிறது. அந்த வெள்ளத்துக்குப் பிந்திய ஒரு வருடத்தை, வீட்டில் ஒருவரை இழந்த பிளஸ் ஒன் மாணவியின் கண் வழியாக எழுதினால் அதில் என்னென்ன வரும்? இறப்புச் சான்றிதழுக்கு அலைவது, வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீசில் நாலு தடவை திருப்பி அனுப்பப்படுவது, ரேஷன் கார்டில் ஒரு பேரை நீக்கச் சொல்லி அவளே படிவம் நிரப்புவது, அப்பா பேருக்கு முன்னால் ‘லேட்’ என்று எந்த மாதத்திலிருந்து எழுதுவது என்று தெரியாமல் வருகைப் பதிவேட்டின் முன் நிற்பது. இவற்றில் எதையும் அவசரமாகச் சொல்ல முடியாது. ஒவ்வொன்றுக்கும் ஓர் அத்தியாயம் வேண்டும். கதை நகரவில்லை என்று வாசகர்கள் சொல்லத்தான் செய்வார்கள். எழுதுகிறவர் அதற்குப் பயந்து, இருபதாம் பக்கத்திலேயே தத்துவம் பேசும் தாத்தா ஒருவரைக் கொண்டுவந்து அந்தப் பெண்ணைத் தேற்றிவிடக் கூடாது.